அம்மா காரியமாக

இல்லை அக்கா, யாரும் சாகவில்லை. நீங்கள் ஒதுங்கி உட்கார வேண்டியதில்லை.

மாலையைப் பார்த்ததும், "என்னம்மா, காரியத்துக்குப் போறியா?" என்று கேட்டுவிட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. தனியாக ஒரு பெண், மடியில் பிளாஸ்டிக் பையில் ரோஜா மாலை, முகத்தில் ஒன்றும் இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்த வார்த்தையால்தான் நேற்றிலிருந்து எனக்கு வம்பு. அதனால் விளக்கிவிடுகிறேன். விளக்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நீங்கள் இந்த பஸ்ஸில் கரூர் வரைக்குமா? நான் நாமக்கல். வந்தால் சொல்லுங்கள், பேச்சில் விட்டுவிடுவேன்.

என் பெயர் தமிழரசி. சேலத்தில் உளவியல் எம்.எஸ்சி. படிக்கிறேன். பயப்படாதீர்கள், உங்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரியாது. அடுத்தவர் மனதில் இருப்பது தெரியும் என்று சொல்கிறவர்களோடு சண்டை போடத்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்ததே.

இன்றைக்கு நடப்பது இதுதான். என் அம்மாவும் ஞானவேல் என்று ஒருவரும் நாமக்கல் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போடுகிறார்கள். மூன்று சாட்சி வேண்டும். அதில் ஒன்று நான்.

நிலமா? இல்லை அக்கா, நிலம் இல்லை. நிலத்துக்கு ஒரு மாதம் முன்னாலேயே நோட்டீஸ் ஒட்டிக் காத்திருக்கச் சொல்வார்களா? ஆமாம். அதுதான். புரிந்துவிட்டது இல்லையா, விடுங்கள்.

இதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்சேபணை என்ன, யோசனையே என்னுடையது. அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது போய்விட்டார். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை. மத்தியானம் சாப்பிட வந்தவர் கை கழுவப் போனார், அங்கேயே விழுந்தார். அம்மா ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தேன்மொழி சிஸ்டர் என்றால் எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். காலேஜில் விதவை மறுமணம் பற்றிப் பட்டிமன்றம் வைத்தார்கள். நான் ஆதரித்துப் பேசிக் கப்பு வாங்கினேன். அதை வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரியில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன், "நீயும் யோசிக்கணும்மா. ஊர் என்ன சொல்லும்னு பார்த்தா ஒண்ணும் ஆகாது." அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "சரி, யோசிக்கறேன்" என்றார்.

யோசிப்பார் என்று எனக்குத் தெரியாது. பட்டிமன்றத்தில் பேசுவது ஒரு கொள்கைக்காக. கொள்கையில் இப்போதும் எனக்கு மாற்றம் இல்லை.

ஞானவேல் சார் அங்கேயே பார்மசிஸ்ட். நல்ல மனிதர். மனைவி இல்லை, குழந்தை இல்லை. கண்ணாடியில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். குறை என்று எதைச் சொல்ல? ஒரே ஒரு விஷயம். அதுவும் குறை இல்லை, சுகாதாரம். அப்பாவின் ஹெல்மெட் எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். ஒரு நாள் ஞானவேல் சார் அம்மாவை வண்டியில் கொண்டுவந்து விட வந்தார். ரவுண்டானாவில் போலீஸ் நிற்கிறது என்று அம்மா அதை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டார். அவரும் மாட்டிக்கொண்டு போனார். மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் வியர்வை பட்ட ஹெல்மெட்டைப் போடலாமா? பார்மசிஸ்ட், அவருக்கே தெரிய வேண்டாமா? நான் உள்ளே இருந்த துணியைக் கழற்றி டெட்டால் போட்டு மூன்று தண்ணீரில் அலசினேன். அப்புறம் அதைச் சேலத்துக்கு எடுத்து வந்துவிட்டேன். ஹாஸ்டலில் ஹெல்மெட் எதுக்குடி என்று நூரு கேட்டாள். வண்டி வாங்கப் போகிறேன் என்றேன். இன்னும் வாங்கவில்லை.

நூரு என் ரூம்மேட். நூர்ஜஹான். அவளிடம்தான் கதை வருகிறது.

எங்களுக்கு ஆளுமைக் கோட்பாடுகள் என்று ஒரு பாடம். எடுப்பவர் மெர்சி மேடம். பாதிக்கு மேல் நனவிலி மனம் பற்றித்தான். நமக்கே தெரியாமல் நமக்குள் ஒரு மனம் இருக்கிறதாம். வேண்டாம் என்று நாம் தள்ளியதெல்லாம் அங்கே போய்க் கிடக்குமாம். கிடந்தாலும் சும்மா கிடக்காதாம். கனவாக வருமாம், மறதியாக வருமாம், வாய் தவறி வரும் பேச்சாக வருமாம். புத்தகத்தில் இதற்குப் பனிப்பாறை படம் போட்டிருக்கும். சேலத்து வெயிலில் உட்கார்ந்து யார் பனிப்பாறையைப் பார்த்தது? மேடத்துக்கே அது பிடிக்கவில்லை போல, போர்டில் மேட்டூர் அணையை வரைந்தார். "பண்ணவாடிப் பக்கம் தண்ணி இறங்கினா, முழுகிப்போன கோயிலோட நந்தி தலை தெரியுமில்ல? அணை நெறஞ்சிருக்கும்போது அது எங்க போச்சு? அங்கயேதான் இருக்கு."

நான் எழுந்துவிட்டேன். "நந்தியைப் பரிசல்ல போய்த் தொட்டுப் பார்க்கலாம் மேடம். மனசுக்குள்ள இருக்கறத யார் தொட்டுப் பார்த்தது? நீங்க ஒருத்தரப் பார்த்து, உனக்கு உங்க அண்ணன் மேல பொறாமைங்கறீங்க. அவர் ஆமான்னா நீங்க சொன்னது சரி. இல்லைன்னா, அவர் மறைக்கறார், அப்பவும் நீங்க சொன்னது சரி. தோக்கவே தோக்காத ஆட்டத்துக்குப் பேரு அறிவியலா?"

வகுப்பே மேசையைத் தட்டியது. மேடம் சிரித்தார். "நல்ல கேள்வி, உக்காரு." அதுதான் பதில். பதில் இல்லாதவர்கள் நல்ல கேள்வி என்றுதான் சொல்வார்கள்.

இது போன மாதம். நேற்று மத்தியானம் வராந்தாவில் அதே மேடத்திடம் போய் லீவு கேட்டேன். நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். "மேடம், நாளைக்கு லீவு வேணும். அம்மா காரியமா ஊருக்குப் போகணும்."

அவ்வளவுதான். இதில் என்ன தப்பு? அப்பா காரியமாகக் கோர்ட்டுக்குப் போனேன், தம்பி காரியமாக ஸ்கூலுக்குப் போனேன் என்று நாம் பேசுவதில்லையா? ஆபீஸில் நுழைந்தால் வாசலிலேயே என்ன காரியமா வந்தீங்க என்று கேட்பதில்லையா? காரியம் என்றால் வேலை. செத்தவர்களுக்குச் செய்வதையும் காரியம் என்று சொன்னால் அது வார்த்தையின் குற்றமா, என் குற்றமா?

மேடம் கையில் இருந்த டஸ்டரை ஜன்னல் மேல் வைத்தார். "எப்பம்மா?"

"நாளைக்குக் காலையில மேடம்."

"திடீர்னா?"

"திடீர்னு சொல்ல முடியாது. ஒரு வருஷமாவே இருக்கு."

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எடுக்கவில்லை. பெரியவர்கள் பிடித்த கையை உதறுவது மரியாதை இல்லை. "ஒரு வார்த்தை சொல்லலியே நீ, தினமும் வந்து சண்டை போட்டுட்டு இருந்தியே" என்றார். இதற்கு ஏன் இவ்வளவு உருகுகிறார் என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. முற்போக்கானவர், அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஸ்டல் அறைக்கு வந்து ஒரு டீ குடிப்பதற்குள் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். நூரு என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். வகுப்பு வாட்ஸ்அப்பில் ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல் என்று வரிசையாக ஓடுகிறது. ஒருத்தி இந்த மாலையோடு நிற்கிறாள். ஊருக்கு வர முடியாதாம், அவர்கள் சார்பில் நான் போட வேண்டுமாம்.

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எந்த இடத்தில் சொல்வது, சொல்லுங்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது ஐந்து பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அழுகிறவர்களைப் பார்த்து நிறுத்து என்பது நாகரிகமா? "அழுதுடு அரசி, உள்ள வச்சுக்காத" என்றார்கள். "அழறதுக்கு என்ன இருக்கு?" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாக அழுதார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். யாரோ பின்னாலிருந்து தலையைக் கோதிக்கொண்டே இருந்தார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெகு நேரம் அப்படியே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அப்போது போன் அடித்தது. மேலே "அம்மா" என்று வருகிறது.

எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அம்மாவின் போனிலிருந்து சொந்தக்காரர்கள் யாரோ பேசுகிறார்கள் என்று நூரு நினைத்துவிட்டாள். நான் கை நீட்டுவதற்குள் எடுத்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுகிறாள்.

"சொல்லுங்க, நான் அவ ரூம்மேட்டு. அவ பேசற நிலைமையில இல்லைங்க. நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?"

ஸ்பீக்கரில் இருந்தது. அம்மாவின் குரல் நன்றாகக் கேட்டது. "பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க கண்ணு. அவளை அதுக்கு முன்னாடியே வந்துடச் சொல்லு. ஏன், அரசிக்கு உடம்பு சரியில்லையா?"

"மாலை நாங்க வாங்கிட்டோம், கொடுத்து விடறோம்."

"அய்யோ, உங்களுக்கு எதுக்கும்மா செலவு? அவரு ரெண்டு சொல்லிட்டாரே."

நூரு அழுகையை நிறுத்தினாள். "நீங்க யாருங்க பேசறது?"

"நாந்தாம்மா. அவ அம்மா."

அப்புறம் நடந்ததைச் சொல்ல வேண்டுமா? ஒருத்தி பயந்துபோய்க் கதவுப் பக்கம் ஓடினாள். நூரு என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த பிறகு அவள்தான் அம்மாவிடம் முழுக்கச் சொன்னாள். அம்மா சிரித்தார். விட்டு விட்டுச் சிரிக்கவில்லை, மூச்சுப் பிடித்துக்கொள்கிற மாதிரி சிரிப்பு. அப்பா போன பிறகு அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே போனிலிருந்து வாயைத் திருப்பிப் பக்கத்தில் யாரிடமோ சொன்னார், "கேட்டீங்களா, என்னை அனுப்பி வச்சுட்டா உங்க பொண்ணு." அங்கே இன்னொரு சிரிப்புக் கேட்டது. ஆண் சிரிப்பு.

எனக்குக் கோபம் இல்லை. கோபப்பட என்ன இருக்கிறது? இலக்கணமாக மட்டும் ஒன்று கவனித்தேன். உங்க பொண்ணு என்றார். போன வாரமும் ஒன்று கவனித்தேன். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நான் சாட்சிக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்போது அம்மா என்னிடம் சொன்னார், "மூணாவது கையெழுத்து உன்னுதுதான் அரசி. வேற யாரையும் தேட மாட்டேன். நீ வரலைன்னா நாங்க எழுந்து வந்துடுவோம், இந்தப் பேச்சே வேண்டாம்." நாங்க. நாம என்பதும் நாங்க என்பதும் ஒன்று இல்லை அக்கா. நாம என்றால் கேட்கிறவளும் அதில் உண்டு. நாங்க என்றால் கேட்கிறவள் வெளியே. அம்மா வாயில் எனக்குத் தெரிந்து நாமதான். நாம சாப்பிடலாம், நாம தூங்கலாம், நாம யாருக்கும் பயப்பட வேண்டாம். ஒரு வார்த்தை மாறியிருக்கிறது. கவனித்தேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியைக் காட்டி, "உங்க அம்மாவுக்கு நாளைக்கு என்ன?" என்று கேட்டார்.

"ரிஜிஸ்ட்ரேஷன் மேடம்."

"எதுக்கு ரிஜிஸ்ட்ரேஷன்?"

"சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழே."

"நான் சட்டத்தோட பேரைக் கேக்கல தமிழரசி. உங்க அம்மாவுக்கு நாளைக்கு என்ன?"

"அதான் மேடம், ஞானவேல் சாரும் அம்மாவும் முறைப்படி..."

"ஒரு வார்த்தைதான் அது. எல்லாரும் தினமும் சொல்ற வார்த்தை. லீவு கேக்கும்போதே அதைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு வேற எதுவோ வந்துச்சு. இப்பவும் அதைத் தவிர எல்லாத்தையும் சொல்ற."

பாருங்கள் அக்கா, இதைத்தான் நான் சொன்னேன். தோற்காத ஆட்டம். நான் காரியம் என்றால் அதற்கு அர்த்தம். அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லாவிட்டால் அதற்கும் அர்த்தம். "அப்ப எங்கம்மா சாகணும்னு நான் நினைக்கறேன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். குரல் ஒன்றும் உயரவில்லை.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். "உன்கிட்ட இருந்து யாரோ போறாங்கன்னு உனக்குத் தோணியிருக்கலாம். போறவங்களுக்கு நம்மகிட்ட இருக்கற வார்த்தை அதுதானே. எனக்குத் தெரியாது, நீதான் பார்த்துக்கணும்."

"தேவைப்பட்டா அந்த வார்த்தையைச் சொல்லுவேன் மேடம். இப்ப தேவைப்படல."

"சரி. தண்ணி இறங்கட்டும்" என்று பேப்பர் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

அது ஒரு பதிலா? ஒரு பேராசிரியர் பேசுகிற பேச்சா?

மாலையா? அது நூரு செய்த வேலை. "ரோஜா மாலைதானே, நல்லதுக்கும் கெட்டதுக்கும் இதேதான். பூவுக்குத் தெரியுமா எதுக்கு வாங்கினாங்கன்னு? வீணாக்காத, எடுத்துட்டுப் போ" என்றாள். தர்க்கப்படி அவள் சொன்னது சரி. பூக்கடையில் இரண்டுக்கும் ஒரே கயிற்றில்தான் தொங்குகிறது. நீங்கள் இப்படிப் பார்க்கிறீர்கள், உங்களுக்கு அது ஒப்பவில்லை. எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. அம்மா இதைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. செத்துவிட்டார் என்று வாங்கிய மாலை, உயிரோடு இருப்பவர் கழுத்தில். ஒன்றும் ஆகாது.

ஆனால் நான் போய்ப் பயன் இருக்கிறதா என்பதே இப்போது சந்தேகம். சாட்சிக்கு ஆதார் அட்டை கேட்பார்கள். காலையில் கிளம்பும் அவசரத்தில் மேசை மேலேயே விட்டுவிட்டேன். மல்லூர் தாண்டித்தான் ஞாபகம் வந்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம், போகவில்லை. இதை மட்டும் மேடம் கேட்டால் பாடமே நடத்திவிடுவார். மறதி என்றால் மறதி அக்கா. மூளையில் இருக்கிற ஒரு சாதாரண விஷயம். நீங்கள் குடையை மறந்ததில்லையா?

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்களிடம் ஆதார் இருக்கிறதா? நீங்கள் வந்து போடுகிறீர்களா, அந்த மூன்றாவது கையெழுத்தை? பத்து நிமிட வேலை. அடுத்த பஸ்ஸில் கரூர் போய்விடலாம். உங்களுக்கு அவர்களைத் தெரியாது என்கிறீர்கள். சாட்சிக்கு அதுதான் நல்லது. ஒரு சார்பும் இருக்காது. மகள்தான் போட வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அது அம்மாவாகப் போட்ட சட்டம். நான் வெளியே நின்றுகொள்கிறேன். வெளியே புளியமரமோ டீக்கடையோ ஏதாவது இருக்கும்.

சிரிக்காதீர்கள் அக்கா, நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

பையை நன்றாகப் பார்த்தேனா என்கிறீர்களா? பார்த்தேன். பார்த்தேன் என்றால், மேசை மேல் வைத்தது கண்ணில் நிற்கிறது, அப்புறம் பையில் எப்படி இருக்கும்? சரி, உங்கள் திருப்திக்கு. இது சீப்பு. இது தண்ணீர். முன் ஜிப்பில் ஒன்றும் இருக்காது, அங்கே நான் எதுவும் வைப்பதில்லை.

இது நூருவின் ரப்பர் பேண்ட். முடியில் போடுவது.

அதில் சுற்றி வைத்திருக்கிறாள். ஆதார்தான். என்னைக் கேட்காமல் என் பையைத் திறந்திருக்கிறாள். நான் எடுக்க மாட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளும் அதே பாடம்தான் படிக்கிறாள், அதனால் இருக்கும்.

போட்டோவில் நான் ஒன்பதாவது படிக்கும்போது எடுத்த முகம். அப்பா கூட்டிக்கொண்டு போய் எடுத்தது. கண்ணை மூடிவிட்டேன் என்று இரண்டாவது தடவை எடுத்தார்கள். போட்டோ எடுத்த பெண்ணுக்குப் பின்னால் நின்று அப்பா, "சிரி அரசி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆதாருக்குச் சிரிக்கக் கூடாதாம்.

என்ன, நாமக்கல் கோட்டை தெரிகிறதா? அதற்குள்ளா?

இந்த பஸ் கரூரிலிருந்து திரும்பி எப்போது கிளம்பும் என்று தெரியுமா உங்களுக்கு? சும்மாதான் கேட்டேன். கரூர் நான் பார்த்ததில்லை.

போன் அடிக்கிறது. எடுக்கிறேன், எடுக்கிறேன். நீங்கள் கை வைக்க வேண்டாம்.

"ம். பஸ்லதான். வந்துட்டேன், கோட்டை தெரியுது. இல்லம்மா, ஒண்ணும் இல்ல. குரல் அப்படித்தான் இருக்கு. ம். சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? ஏன் சாப்பிடல? ம். நீயே தனியாவா உக்காந்திருக்க? அவரு எங்க? சரி. சரிம்மா. உள்ள போயிடாத, நான் வந்துடறேன்."

அவர் ஸ்டாண்டில் நிற்கிறாராம். எனக்காக. எந்த பஸ் என்று தெரியாமல் வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம். அம்மா தனியாக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லையாம். நான் வராமல் போய்விடுவேனோ என்று காலையிலிருந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாராம். இதை எதற்கு என்னிடம் சொல்ல வேண்டும்? நான் வராமல் எங்கே போகப்போகிறேன்?

கண்டக்டர் என்னைத்தான் கேட்கிறாரா?

"ஏம்மா, நாமக்கல் டிக்கெட்டுதானே நீ? என்ன காரியமா வந்திருக்க? ஸ்டாண்டுக்குள்ள போகணுமா, ஆபீஸ் பக்கம்னா இங்கயே எறங்கிக்க."

"ஸ்டாண்டுதாங்கண்ணா. அங்க ஒருத்தர் நிக்கறார். எங்கம்மாவுக்குக் கல்யாணம்."

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? கேட்டார், சொன்னேன். தேவைப்பட்டால் சொல்வேன் என்று நேற்றே சொன்னேனே. வாய் இருந்தது, வார்த்தை வந்தது. இதில் யாரும் எதையும் நிரூபித்துவிடவில்லை. மேடத்திடம் இதைச் சொல்லப் போவதில்லை, உடனே அதற்கும் ஒன்று சொல்வார்.

முன் சீட்டுப் பாட்டி திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

அதோ நிற்கிறார். கயிறு கட்டிய கண்ணாடி, வெள்ளைச் சட்டை. தப்பான பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பாருங்கள். கொஞ்சம் காலை நகர்த்துங்கள் அக்கா, இறங்குகிறேன்.

மாலையா? வேண்டாம், சீட்டிலேயே இருக்கட்டும். அது வேறு காரியத்துக்கு வாங்கினது.